கை மட்டும் விழுந்த படம்

எந்தத் தாளாக இருந்தாலும் இடது ஓரத்தை மடித்து, நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மேஜை போட்டு மனு எழுதுகிறவர்களில் ஓரம் விட்டு எழுதுகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் விளிம்பு வரை எழுதிக்கொண்டே போய், இடம் போதாமல் கடைசி வார்த்தையைக் கீழே தொங்கவிடுவார்கள். கேட்டால் காகிதம் வீணாம். அதிகாரி குறிப்பு எழுத இடம் வேண்டாமா, கோப்பில் கோர்க்க ஓட்டை போட வேண்டாமா? இதைக்கூட யோசிக்காதவர்கள்தான் அடுத்தவர் குறைகளை எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் கொடுத்த தாளையும் அப்படித்தான் மடித்திருக்கிறேன். "நடந்தத நடந்தபடி எழுதுய்யா, கத வுடாத" என்றீர்கள். உங்கள் ரைட்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதை என்றால் விடுவது என்றுதான் இந்த ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கதை விடுவதல்ல, பார்த்து எழுதுவது. இதை ஒரு முறை சொல்லிவிட்டால் மீதி தானாக விளங்கும்.

நான் படித்தது புவனகிரியில். ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பில் வாத்தியார் ஆணியில் ஒரு படத்தை மாட்டிவிட்டு, "படம் பார்த்துக் கதை எழுதுக" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். ஒரு கிணறு, ஒரு பையன், ஒரு நாய். வகுப்பே கிணறு இருக்கிறது, பையன் இருக்கிறான், நாய் இருக்கிறது என்று எழுதும். நான் மட்டும் பையனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்தேன். அதை யார் பிய்த்தது என்பதிலிருந்து எழுதினேன். பத்துக்குப் பத்து. பக்கத்தில் இருந்த உத்திராபதி மூன்று வாங்கினான். அவன் இப்போது தாலுகா ஆபீஸில் பெரிய ஆள். இன்னும் கிணறு இருக்கிறது, நாய் இருக்கிறது என்றுதான் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறான்.

பெரியவனான பிறகு இந்தப் பாடத்தை மறந்தேன். அதற்குத் தண்டனையும் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. ஒரு ஆசிரியர் மட்டும் நாலு வரி எழுதியிருந்தார். உங்கள் பாத்திரங்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியவர்கள் போல இருக்கிறார்கள், யாருக்கும் முகம் இல்லை என்று. சிதம்பரத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர்கள் கூடுவார்கள். அங்கே போய் இதைக் கேட்டேன். துண்டு போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"பாத்திரம் தானா வரணும் தம்பி. நாம கூப்புடக் கூடாது."

தானாக வருவது கொசு. மனுஷனைப் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கே அந்தக் கூட்டத்துக்குத் தலை முழுகிவிட்டு, கீழ வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த தில்லைநாதனின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துக்கொண்டு பணமும் கட்டிவிட்டு, படத்தை வாங்க வராதவர்கள் நிறையப் பேர். அந்தப் படங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார்கள். வருஷம் திரும்பினால் குப்பை. தில்லைநாதனிடம் அந்த டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரென்று தெரியாத முகங்கள். பேர் இல்லை, ஊர் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் குத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். இந்த ஆள் காலரை ஏன் உள்பக்கம் மடித்திருக்கிறான்? இந்தம்மா ஏன் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கிறாள்? கேட்கக் கேட்க ஆள் எழுந்து வருவான். அப்படி எழுதிய இரண்டு கதைகள் அச்சில் வந்தன. ஆதாரம் வேண்டுமென்றால் என் பெட்டியில் இருக்கிறது.

பெரிய அலை அடித்தது 2004 மார்கழியில், சிதம்பரத்தில் தேருக்கு மறுநாள், ஆருத்ரா தரிசனத்தன்று காலையில். உங்களுக்குத் தெரியும். நான் தை பிறந்ததும் வழக்கம்போல ஸ்டுடியோவுக்குப் போனேன். தில்லைநாதன் டின்னை எடுக்கவில்லை. தனியாக ஒரு கவரை எடுத்து வைத்தார்.

"தேர் அன்னிக்கி எடுத்தது சார். பாதிப் பேரு கடக்கரைக்காரங்க. ஒருத்தரும் வரல. கையில வச்சிருக்கவே பயமா இருக்கு."

"குடுங்க" என்றேன்.

"யாராச்சும் தேடி வந்தா குடுத்துடணும் சார். ஒரே படமா இருந்தாலும் இருக்கும் அவுங்களுக்கு."

"அதுக்கென்ன" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிலருக்கு அது சுலபமாக வரும்.

அந்தக் கவரில் ஒரு படம். இரண்டு வயது நிறையாத பெண் குழந்தை. முக்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் துணியில் வரைந்த மலையும் ஏரியும். குழந்தை விழுந்துவிடாமல் இருக்க, ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை அதன் இடுப்பைப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை வெட்டிவிடலாம் என்று தில்லைநாதன் நினைத்து, மறந்துவிட்டிருக்கிறார். கை மட்டும்தான். ஆள் இல்லை. மணிக்கட்டில் தேள் பச்சை குத்தியிருக்கிறது. தேளுக்கு வால் முடியவில்லை, பாதியில் நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் அம்மா, நான் அதுவரை பார்த்த படங்களெல்லாம் நாலாம் வகுப்புக் கிணறும் நாயும்தான். இது வேறு. ஒரு முழுக் குழந்தையும், ஒரு கையளவு தாயும். இதில் சிறுகதை இல்லை, நாவல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. குழந்தைக்குச் சந்திரலேகா என்று பெயர் வைத்தேன். தாயைப் பிரிந்து வளர்கிறாள், தாய் தேடுகிறாள். அவ்வளவுதான் கரு. எழுத உட்கார்ந்தால், குழந்தை எப்படி வளரும், மூன்று வயதில் எப்படி இருக்கும், ஐந்தில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. முகம் நகரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் கடலூரில் ஒரு தனியார் குழந்தைகள் இல்லத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கப் போனேன். அலையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள். வாசலில் பிஸ்கட் பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று. காப்பாளர் மங்கலம் அம்மாவின் இடுப்பில் அந்தக் குழந்தை இருந்தது. அதே நெற்றி, அதே காது.

"வெள்ளாத்து முகத்துவாரத்துல ஒரு படகு ஓரம் கெடந்துச்சாம் சார். பேச்சே வரல. பேரும் தெரியல, ஊரும் தெரியல. என்ன பேரு போடுறதுன்னு குழந்தைகள் நலக் கமிட்டியில கேக்குறாங்க" என்றார் மங்கலம்.

"சந்திரலேகான்னு போடுங்க" என்றேன்.

"ராணி பேரு மாதிரி இருக்கு சார். நல்லா இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

படத்தை அன்றைக்கே கொடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யாரிடம் கொடுப்பது? குழந்தைதான் அவர்களிடமே இருக்கிறதே, படம் எதற்கு? தாய் என்று ஒருத்தி அப்போது எங்கும் இல்லை. இல்லாதவளுக்கு நான் எப்படித் துரோகம் செய்ய முடியும்? சட்டம் படித்தவர், யோசித்துப் பாருங்கள்.

அவள் வந்தது சித்திரையில். கோலை ஊன்றிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். மகேஸ்வரி. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஒரு குப்பம். புருஷன் அரசு, மாமியார், வீடு, எல்லாம் கடலோடு போயிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து எழுந்தவள். தலையை மழித்து, வளர ஆரம்பித்த முடி. நெற்றியிலிருந்து தாடை வரை தையல். வயது இருபத்து மூன்றாம், சொன்னால்தான் தெரியும்.

"எம் பொண்ணு அங்க இருக்கா சார். பாத்துட்டேன். மோகனப்பிரியான்னு பேரு. என்னப் பாத்து அலறிட்டா சார். அந்தம்மா முந்தானையில போயி ஒளிஞ்சுகிட்டா."

"அப்புறம்?"

"ஏற்கெனவே ஒரு பொம்பள வந்து எம்புள்ளதான்னு பொய் சொல்லிட்டுப் போயிருக்கா. அதனால போட்டோ இருந்தா கொண்டாங்கறாங்க. தேர் அன்னிக்கி செதம்பரத்துல எடுத்தம் சார். சீட்டு வூட்டோட போச்சு. எந்தக் கடைன்னு சொல்லத் தெரியல. ஒரு சந்து. ஏரி படம் போட்டுருந்தாங்க."

மனுவை எழுதி முடித்து, கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டில் தேள். பாதி வால்.

"இது ஏன் முடிக்கல?" என்று கேட்டேன்.

"வலி தாங்காம எழுந்து ஓடிட்டேன் சார், சின்ன வயசுல. எங்கம்மா தெருவெல்லாம் தொரத்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் போட்ட முகத்தில் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

அந்த ஒரு பக்கச் சிரிப்பை யாராவது உட்கார்ந்து கற்பனை செய்துவிட முடியுமா? துண்டு போட்டவர் ஆயுசு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது வராது.

படம் என் வீட்டுச் சுவரில் இருந்தது. சைக்கிளில் போனால் டீ ஆறுவதற்குள் எடுத்து வந்திருக்கலாம். எடுத்து வந்திருந்தால் என்ன ஆகும்? சாயந்தரம் குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருப்பாள். நாலு நாள் அழுகை, ஐந்தாம் நாள் குழம்பு. குப்பத்தில் ஆயிரம் தாய், ஆயிரம் பிள்ளை. அதில் இவர்களும் இரண்டு பேர். இதைப் போய் யார் எழுதுவார்கள், யார் படிப்பார்கள்?

"நீ நடக்க முடியாம எதுக்கு அலையற? செதம்பரத்துல நானே விசாரிச்சுட்டு வர்றேன்" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை போட்டவன் சொன்னால் போதும், இவர்கள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள். அடுத்த முறை வந்தபோது, வாங்காத படங்களை எரித்துவிட்டார்களாம் என்றேன். தில்லைநாதன் கேட்டபோது, தேடி வந்தார்கள், கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த வருஷம் கடையை விற்றுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் அவளிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தாய் யாரு புள்ள யாருன்னு தெரிஞ்சுடுமாமே சார்? அத எழுதிக் கேளுங்க சார்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஆஸ்பத்திரியில உனக்கு ரத்தம் ஏத்துனாங்களா?"

"ஏத்துனாங்க சார். பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க."

"யாரு ரத்தம்?"

"தெரியல சார்."

"அப்ப இப்ப உன் ஒடம்புல ஓடுறது யாரு ரத்தம்?"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்தில் ஒரு கேமரா இல்லாமல் போனது இன்றைக்கும் வருத்தம்.

"பெத்தது நான்தான சார்? பொருந்தாமப் போவுமா?" என்றாள் மெதுவாக.

"பெத்தப்ப இருந்த ரத்தம் கடல்ல போச்சு. இப்ப சோதன பண்ணி பொருந்தலன்னு எழுதிட்டான்னா, இன்னொருத்தி புள்ளையத் திருட வந்தவன்னு உள்ள வச்சிடுவாங்க. அப்புறம் கேட்டுப் பக்கம்கூட நிக்க முடியாது. யோசிச்சுக்க."

"வேணாம் சார்" என்றாள். "வேணவே வேணாம். தூரமா நின்னு பாக்குறதாவது இருக்கட்டும்."

உடல்நிலை காரணமாக மனுதாரர் ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி, கைநாட்டு வாங்கி, கமிட்டிக்கு அனுப்பினேன். அங்கே இருக்கிறவர்கள் பட்டம் வாங்கியவர்கள். ஒருவராவது அவளைக் கூப்பிட்டு ஏனம்மா என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அன்றைக்கே என் நாவல் முடிந்திருக்கும். கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஓரம் விட்டு எழுதிய மனுவைப் பார்த்தாலே அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

பின் வந்த வருஷங்கள் ஒழுங்காகப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்வேன். சம்பளம் கிடையாது. மங்கலம் அம்மா எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். அப்போது சந்திரலேகாவைப் படம் எடுத்துக்கொள்வேன். பல் விழுந்தபோது, ஜடை போட்டபோது, அம்மை வடு வந்தபோது. மகேஸ்வரியைப் படம் எடுப்பது இன்னும் சுலபம். மனுவைப் புதுப்பிக்க வேண்டும், புதுப் போட்டோ ஒட்ட வேண்டும் என்று சொன்னால் போதும், ஸ்டுடியோவுக்குப் போய் இரண்டு பிரதி எடுத்து வருவாள். ஒன்று மனுவுக்கு, ஒன்று எனக்கு. திருப்பாதிரிப்புலியூரில் என் மாடி அறைச் சுவரில் மேல் வரிசை மகள், கீழ் வரிசை தாய். மேலே கன்னம் நிரம்ப நிரம்ப, கீழே கன்னம் ஒட்டிக்கொண்டே வரும். எத்தனை பேருக்கு இப்படி ஒரு சுவர் கிடைக்கும்? அத்தியாயம் அத்தியாயமாக ஓடியது.

மகேஸ்வரி மாதம் ஒரு தடவை இல்லத்துக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். அதற்குள் தலை நரைத்துவிட்டது. குழந்தை ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"கேட்டாண்ட நிக்குற நொண்டி ஆயா யாரு சார்? என்னயே பாக்குது."

"மீன் விக்கிறவங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் அப்போது கருவாடு விற்றுத்தான் பிழைத்தாள்.

குழந்தைக்கு ஆறு வயதில் ஒரு சேலத்துத் தம்பதி தத்தெடுக்க வந்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் சப்பென்ற முகங்கள், எதற்கும் உதவாது. தாயின் மனு நிலுவையில் இருக்கும்போது தத்துக் கொடுக்கக் கூடாது என்று மகேஸ்வரி பேரில் ஆட்சேபம் எழுதினேன். சட்டப்படி சரியான ஆட்சேபம். நின்றுபோனது. குழந்தை கவுன் ஒன்றையும் சோப்பு டப்பாவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்தப் படம் மேல் வரிசையில் நடுவில் இருந்தது, பார்த்திருப்பீர்கள். என் நாவலிலேயே சிறந்த அத்தியாயம் அதுதான்.

பணம் வாங்கினாயா என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண்மேல் கண்ணா என்று உங்கள் ரைட்டர் கேட்கிறார். சொந்தப் பகையா என்று கேட்கிறீர்கள். மூன்றே காரணம்தான் உங்களுக்குத் தெரியும். மனு எழுத அவளிடம் நான் காசு வாங்கியதில்லை, கருவாடுகூட வாங்கியதில்லை. அவளை ஒரு நாளும் ஒருமையில் திட்டியதில்லை, அதிர்ந்து பேசியதில்லை. இந்த ஜில்லாவிலேயே அவள் முகத்தை என்னைப்போல் கவனித்துப் பார்த்தவன் வேறு யாரும் இல்லை. அவள் புருஷன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான்.

போன மார்கழி நடுவில் தானே புயல் அடித்தது. இல்லத்தின் கூரை பறந்துவிட்டது. பிள்ளைகளை வேறு ஜில்லாவுக்குப் பிரித்து அனுப்பப்போவதாகப் பேச்சு. தை மாதம் மகேஸ்வரி என் மேஜைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனுவ வாபஸ் வாங்கிடுங்க சார்."

"ஏன்?"

"எங்கயோ அனுப்புறாங்களாம். நான் ஒருத்தி குறுக்க நிக்கறதாலதான் யாரும் அவள எடுத்துக்க முடியலன்னு மங்கலம்மா சொல்லிச்சு. எனக்குத் தெரியாது சார் இத்தினி நாளா. யாராச்சும் நல்லவங்க எடுத்துகினு போயி படிக்க வெக்கட்டும். அவ எம் பொண்ணுன்னு எனக்குத் தெரியும், அது போதும்."

முகத்தில் அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை. ஏழு வருஷம் நான் பார்த்துப் பார்த்து எழுதிய முகம், அணைந்த அடுப்பு மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. இப்படியா ஒரு கதையை முடிப்பார்கள்? முந்நூறு பக்கம் தேடிய தாய், கடைசிப் பக்கத்தில் வாபஸ் வாங்கினாள் என்று எழுதினால் எவன் மதிப்பான்?

அதனால்தான் படத்தைக் காட்ட முடிவு செய்தேன். இதைக் கொஞ்சம் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் இலாகா கண்டுபிடிக்கவில்லை, கமிட்டி கண்டுபிடிக்கவில்லை. நானாகக் காட்டினேன்.

"வாபஸ் எழுதுற தாள் வீட்டுல இருக்கு, வா" என்று ஆட்டோவில் கூட்டிப் போனேன். மாடிப்படி ஏற அவளுக்கு நேரம் பிடித்தது. முன்னாலேயே போய்க் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்தேன், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்று. கேமராவை எடுத்துக்கொண்டேன். சுவருக்கு எதிரே நிற்கச் சொன்னேன்.

குழந்தையைத்தான் முதலில் பார்ப்பாள் என்று எழுதி வைத்திருந்தேன். தவறு. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். வரிசையாக மகள் வளர்ந்து வருவதை, கீழே தான் கிழவியாகி வருவதை, விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனாள். திரும்பி வந்து முதல் படத்தின் முன் நின்றாள்.

"இது எப்ப கெடச்சுது சார்?"

"தை மாசம்."

"எந்தத் தை சார்?"

அப்போதுதான் கேமராவை அழுத்தினேன். அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. பதில் சொன்னேனா என்பது நினைவில்லை. கேமராவில் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் அலறவில்லை, என்மேல் கை வைக்கவில்லை, சபிக்கவில்லை. ஆணியைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு குண்டூசியாகப் பிடுங்கி, மேல் வரிசைப் படங்களை மட்டும் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டாள். தன் படங்களைத் தொடவே இல்லை. கோலை மாடியிலேயே மறந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி உங்களிடம் வந்தாள்.

ரத்தப் பரிசோதனை பொருந்திவிட்டது என்று சொன்னீர்கள். குழந்தையை அவளிடம் ஒப்படைத்தாயிற்று என்றும் சொன்னீர்கள். குழந்தை குடிசைக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கிறாள், திரும்ப எப்போது இல்லத்துக்குப் போவோம் என்று கேட்கிறாள், தாயைத் தொட விடுவதில்லை என்று உங்கள் பெண் போலீஸ் சொல்லிவிட்டு என்னை முறைத்தார். எனக்கு எதற்கு முறைப்பு? சேர்த்து வைத்தது யார்? ஏழு வருஷமாக இந்த ஊரில் அந்தப் படத்தை எரியாமல், கரையான் அரிக்காமல் பாதுகாத்தது யார்? நான் அந்தக் கவரை வாங்கியிராவிட்டால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று வரி போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். படத்தை வைத்துக்கொண்டே இல்லை என்றேன். ரத்தம் பொருந்தாது என்று சொல்லிப் பயமுறுத்தினேன். அவள் சம்மதிக்கவில்லை என்று அவள் கைநாட்டோடு எழுதினேன். தத்து போகவிடாமல் தடுத்தேன். எல்லாம் நான்தான், வேறு யாருக்கும் பங்கு இல்லை. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் குற்றம் என்று நீங்கள் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது உங்கள் தொழில். ஆனால் என் நாவலை முழுதும் படித்துப் பாருங்கள். பறிமுதல் செய்த மூட்டையில்தான் இருக்கிறது. அதில் தாயையும் பிள்ளையையும் பிரித்தது கடல். வில்லன் என்று ஒருவன் இல்லவே இல்லை. சேர்க்கலாமா என்று தில்லைநாதன் கொடுத்த முகங்கள் அத்தனையையும் புரட்டினேன். அவ்வளவு கொடுமையைச் செய்யக்கூடிய முகம் ஒன்றுகூட அகப்படவில்லை.

நேற்று உங்கள் ஆள் என்னை வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார். மேஜைமேல் கிடந்தபோது பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. சாதுவான முகம். வழியில் பார்த்தால் அவசரத்துக்குப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது.

தட்சிணாமூர்த்தி